பழைய பண்ணை வீட்டுக் குளியலறை: நிஜ மரமா, மரம் மாதிரியா, இரண்டையும் இடம் பிரித்துப் போடுவதா?

படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். தடித்த வெள்ளைச் சுவர். ஓரம் சீவாத ஒரு மரப்பலகை, அதன்மேல் கல்லில் குடைந்த தொட்டி. ஒரே ஒரு பித்தளைக் குழாய், முளையில் தொங்கும் ஒரு துண்டு, சின்ன ஜன்னல். அவ்வளவுதான். சரி, அதே படத்தை இன்னொரு தடவை பாருங்கள். தண்ணீர் எங்கே? தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. பாதி தீர்ந்த ஷாம்பூ பாட்டில், தேய்க்கிற பிரஷ், ஈர மிதியடி எதுவும் இருக்காது. நாலு பேர் குளித்து முடித்த குளியலறையை யாரும் படம் எடுப்பதில்லை.

இந்தப் பாணியில் ஆசைப்பட்டு வேலையை ஆரம்பித்துவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "நிஜ மரமும் சுண்ணாம்பும் போட்டால் கெட்டுப்போகும் என்கிறார்கள். மரம் மாதிரி டைல்ஸ் போட்டால் போலியாகத் தெரியும் என்கிறார்கள். எதைத்தான் செய்வது?"

பதிலுக்குப் போகும் முன் ஒன்று. பழைய பண்ணை வீடுகள் பலவற்றில் குளியலறை என்று தனி அறையே கிடையாது. வெளியே குளிப்பார்கள், இல்லாவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தொட்டியை இழுத்துப் போட்டுக் குளிப்பார்கள். ஆகவே நாம் இன்று ‘பண்ணை வீட்டுக் குளியலறை’ என்று சொல்வது அந்த வீட்டின் அடுப்படியிலிருந்தும் தானியக் கிடங்கிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் எடுத்துவந்த தோற்றம். அங்கே மரமும் சுண்ணாம்பும் நூறு வருடம் நின்றன. அடிக்கடி நனையவும் செய்தன. ஆனால் காற்று நாலு பக்கமும் வந்துபோனதால் அடுத்த நனைவுக்குள் காய்ந்தும் விட்டன. இன்றைய குளியலறையோ கதவு மூடிய பெட்டி. காலையில் வரிசையாகக் குளித்தால் மதியம்வரை சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். அதே பொருளை இங்கே கொண்டுவந்தால் அதே ஆயுள் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

எது அழகு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கீழே சொல்லும் மூன்று வழியும் ஒழுங்காகச் செய்தால் அழகுதான். பார்க்க வேண்டியவை வேறு.

காய்தல். நனைந்த பரப்பு அடுத்த தடவை நனைவதற்குள் காய்கிறதா? மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். சோதிப்பது சுலபம். கடைசி ஆள் குளித்து மூன்று மணி நேரம் கழித்து உங்கள் இப்போதைய குளியலறையின் சுவர் மூலையை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால், பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஜன்னலையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ சரிசெய்ய வேண்டும்.

பராமரிப்பு. யார் துடைப்பார்கள், எவ்வளவு நேரம் துடைப்பார்கள்? உண்மையாகப் பதில் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை எண்ணெய் துணியோடு வருவேன் என்று கட்டும்போது எல்லோரும் சொல்வார்கள்.

கால் பிடிப்பு. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கும் அறை இது. டைல்ஸ் பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பது எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் காலணி போட்டு நடந்து பார்க்கும் சோதனை. குளியலறைக்கு வேண்டியது வெறுங்கால் சோதனை. அதில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். குளிக்கிற இடத்துக்குக் குறைந்தது பி என்று கேளுங்கள். ஆர் எண்களை மட்டும் காட்டி வாயடைக்க விடாதீர்கள்.

பழுது. ஒரு இடம் கெட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, அல்லது முழுச் சுவரையும் தொட வேண்டுமா?

முதுமை. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும்? சில பொருள்கள் தேயத் தேய அழகாகும். சில பொருள்கள் முதல் நாள்தான் அழகு.

எடையும் உரிமையும். மாடியா, தரைத்தளமா? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் கட்டுரையின் பாதியை நீங்கள் தாண்டிவிடலாம். சுவரில் துண்டு மாட்டும் முளைப்பலகை ஒன்று, வெள்ளைத் திரை ஒன்று, கழற்றி எடுத்துப்போகக்கூடிய மர முக்காலி ஒன்று, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## வழி 1: எல்லாமே நிஜம்

சுண்ணாம்புப் பூச்சு, பழைய மரம், கல் அல்லது சுட்ட மண் தரை. இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் எதிரி இல்லை. நானே ஒரு காலத்தில் போனவன்தான். அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

மரத்திலிருந்து தொடங்கலாம். என் வீட்டில் வாஷ்பேசினுக்குக் கீழே பழைய கதவிலிருந்து எடுத்த பலகையைப் போட்டேன். மேல்பக்கத்தை இழைத்து, தேய்த்து, ஐந்து தடவை எண்ணெய் குடிக்க வைத்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. அடிப்பக்கத்தைத் தொடவே இல்லை. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? எட்டு மாதத்தில் பலகையின் இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டன, நடு குழிந்தது. எண்ணெய் படாத அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது, மேல்பக்கம் உப்பவில்லை. பலகை வேறு என்ன செய்யும், வளையத்தான் செய்யும். குழிந்த நடுவில் தண்ணீர் தேங்கியது. தேங்கிய இடத்தில் இரும்புத் திருகாணியைச் சுற்றி மைக் கறை மாதிரி கறுப்பு வட்டம் விழுந்தது. மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். அந்தக் கறையை எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை.

அதிலிருந்து கற்றது மூன்று. ஆறு பக்கமும் பூச வேண்டும், முக்கியமாக வெட்டு முனைகளில். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான். திருகாணி பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். பலகை சுவரை ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், பின்னால் காற்று போக.

எண்ணெய் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சூடு கிளம்பி, தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும், அல்லது வெளியே விரித்துக் காயப்போட வேண்டும்.

பழைய மரத்தை வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டு பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான். உரிந்த நீலமும் பச்சையும் அழகாக இருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். பரப்பில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்து, தட்டினால் மாவு மாதிரி தூளும் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. சர்வதேச அளவில் சரக்குப் பெட்டி மரங்களில் பூச்சியைக் கொல்ல ஒரு விதி உண்டு: மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு குறைந்தது 30 நிமிடம் பிடிக்க வேண்டும். மரம் விற்பவரிடம் சூளையில் வைத்ததா என்று கேளுங்கள். பழைய தண்டவாளக் கட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் வீட்டுக்குள் வைக்கக்கூடிய பொருள் இல்லை.

அடுத்து சுண்ணாம்பு. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாக மாறும். அந்த மெதுவைக் கணக்கில் எடுக்காமல்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஃபேன் போட்டுக் காயவைத்தால் வெடிப்பு விடும். புதுச் சுண்ணாம்பு கடுமையான காரம் என்பதால் பூஞ்சை அண்டாது. ஆனால் கல்லாக மாற மாற அந்தக் காரம் குறையும். அப்புறம் மேலே படியும் சோப்புப் படலத்திலேயே பூஞ்சை குடித்தனம் நடத்தும். ‘சுண்ணாம்பு அடித்தால் பூஞ்சையே வராது’ என்பது பாதி உண்மை.

மொராக்கோவில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டாடெலக்ட் என்று பெயர். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஆற்றுக் கூழாங்கல்லால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மெருகேற்றி, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்பு சோப்பைப் பூசுவார்கள். சோப்பும் சுண்ணாம்பும் வினைபுரிந்து தண்ணீரில் கரையாத ஒரு படலம் உண்டாகும். அங்குள்ள பொதுக் குளியல் கூடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பூசி வந்தது இதைத்தான். தொட்டால் முட்டை ஓடு மாதிரி இருக்கும். கை தேர்ந்தவர் செய்தால் ஷவருக்குள்ளேயே வைக்கலாம். ஆனால் சதுர மீட்டர் சதுர மீட்டராக ஒரு மனிதர் கூழாங்கல்லோடு உட்கார்ந்து தேய்க்கும் வேலை அது; கூலி அதற்கேற்ப இருக்கும். அமிலம் கலந்த கறை நீக்கி ஒரே ஒரு தடவை பட்டாலும் மெருகு போய்விடும். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தரைக்கு வருவோம். சுண்ணாம்புக் கல்லும் சலவைக் கல்லும் அமிலத்துக்குப் பயப்படும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விழுந்தால் வெள்ளையாக அரித்துவிடும். கிரானைட்டுக்கு அந்தப் பயம் இல்லை, சொரசொரப்பாக விட்டால் காலுக்கும் பிடிக்கும். சுட்ட மண் ஓடு மிதிக்க இதமானது. ஆனால் அது நிறையத் தண்ணீரைக் குடிக்கும், மேலே அடைப்புப் பூச்சு தேய்ந்தவுடன் கறையையும் சேர்த்துக் குடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு: உங்கள் நேரம். வருடம் ஒன்றிரண்டு தடவை மரத்துக்கு எண்ணெய், குளித்தவுடன் கல்லைத் துடைப்பது, சுண்ணாம்புக்குத் தெரிந்த கொத்தனாரைத் தேடுவது. அப்புறம், சுண்ணாம்புச் சுவர்மேல் சாதாரண பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். யாராவது ஒருநாள் நல்லெண்ணத்தில் அடித்துவிடுவார்கள்.

எப்போது இதுவே சரி: குளியலறைக்கு வெளிச்சுவரும் பெரிய ஜன்னலும் இருந்து, ஒருவரோ இருவரோ மட்டும் பயன்படுத்தினால். பழுதான இடத்தை மட்டும் சுரண்டிப் பூச முடிகிற வழி இது ஒன்றுதான். முதுமையிலும் இதை அடித்துக்கொள்ள மற்ற இரண்டாலும் முடியாது.

## வழி 2: எல்லாமே தோற்றம்

மரம் மாதிரி அச்சிட்ட போர்சலின் டைல்ஸ், சுவருக்கு மைக்ரோசிமென்ட் என்ற மெல்லிய சிமென்ட் பூச்சு, கல் மாதிரி வார்த்த தொட்டி. இதைக் கேவலமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் தினமும் குளியலறை கழுவுகிறவர்கள் இல்லை.

போர்சலின் என்று பெயர் வைக்கவே, டைல்ஸ் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வளையாது, கறுக்காது, வண்டு வராது. காய்தல் என்ற அளவுகோலில் இதற்குத்தான் முதலிடம்.

போலி என்பது எங்கே தெரிகிறது தெரியுமா? நடுவில் தெரியாது. ஓரத்தில்தான் தெரியும். நிஜப் பலகையின் மூலையில் ரேகை திரும்பி வெட்டு முனைக்குள் போகும். டைல்ஸில் அச்சு மேல்பரப்போடு நின்றுவிடும்; படியிலும் ஜன்னல் திண்டிலும் உள்ளே இருக்கும் மண் நிறம் பல்லை இளிக்கும். ஆகவே மர டைல்ஸைத் தரையோடு நிறுத்துங்கள், மூலை திரும்ப விடாதீர்கள். இன்னொன்று, ஒரே கணு திரும்பத் திரும்ப வருவது. வாங்கும் முன் ‘இந்த ரகத்தில் எத்தனை வேறு வேறு முகம்?’ என்று கேளுங்கள். ஐந்தாறுதான் என்றால் சின்ன அறையிலேயே ஒரே கணு நாலு இடத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கட்டும்போது வரும் சிக்கல் வேறு. மர டைல்ஸ் நீளம். 20-க்கு 120 சென்டிமீட்டர் என்பது சாதாரண அளவு. அவ்வளவு நீளமான துண்டுகள் சூளையில் லேசாக வில்லடித்திருக்கும். செங்கல் மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி ஒட்டினால் ஒன்றின் உயர்ந்த நடு, அடுத்ததன் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வந்து காலில் இடறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளி ஒட்டக் கூடாது. குளிக்கும் இடத்தில் தண்ணீர் வாட்டம் மீட்டருக்கு 12 முதல் 20 மில்லிமீட்டர் வேண்டும். சின்ன டைல்ஸ் என்றால் நடுவில் ஒரு வடிகுழி வைத்து நாலு பக்கமும் சரித்துவிடலாம். நீளப் பலகையை நாலு பக்கம் சரிக்க முடியாது. ஒரே பக்கமாகச் சரித்து சுவரோரம் நீள வடிகால்தான் வைக்க வேண்டும். டைல்ஸை வாங்கி இறக்கியபின் இது தெரியவந்தால் தரையைத் திரும்பக் கொத்த வேண்டியதுதான்.

மைக்ரோசிமென்ட்டின் பெரிய வசதி, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம்தான். பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே பூசலாம். இணைப்புக் கோடு இல்லாததால் அந்தப் பண்ணை வீட்டு மொத்தைச் சுவர்த் தோற்றம் கிடைக்கும். ஆனால் தண்ணீரைத் தடுப்பது சிமென்ட் இல்லை. அதன்மேல் அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு. அந்தப் பூச்சில் கீறல் விழுந்து தண்ணீர் இறங்கினால் கருநிழல் படரும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் ஒட்டுப் போட்டது தெரியும், சுவர் முழுக்கச் செய்யச் சொல்வார்கள். அடித்தளத்தில் வெடிப்பு இருந்தால் மேலே அப்படியே வரைபடம் மாதிரி வரும்.

மறைந்திருக்கும் செலவு: க்ரௌட், அதாவது டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை. டைல்ஸ் கெடாது, இடையில் உள்ள கோடு கறுக்கும். எபாக்சி என்ற பிசினில் செய்த க்ரௌட் விலை கூட, போடவும் சிரமம், ஆனால் குளிக்கும் இடத்துக்கு அதுதான். இன்னொரு செலவு, மாதிரி மாறிப்போவது. கூடுதலாக ஒரு பெட்டி வாங்கி வைக்காவிட்டால் ஐந்து வருடம் கழித்து ஒரு துண்டு உடைந்தால் அதே ரகம் கிடைக்காது.

எப்போது இதுவே சரி: நாலைந்து பேர் ஒரே குளியலறையைப் பயன்படுத்தும் வீடு, ஜன்னல் இல்லாத உள் அறை, வாடகைக்கு விடப்போகும் வீடு, துடைக்க ஆளில்லாத வீடு.

## வழி 3: ஈரக்கோடு கிழித்துப் பிரிப்பது

இது என் கட்சி. முதலில் குளியலறைத் தரையிலும் சுவரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் தினமும் நேரடியாக அடிக்கும் இடம் எல்லாம் கோட்டுக்கு உள்ளே: ஷவர் சுவர் இரண்டு மீட்டர் உயரம்வரை, ஷவர் தரையும் அதைச் சுற்றித் தெறிக்கும் இடமும், வாஷ்பேசினுக்குப் பின்னால் ஒரு முழம். உள்ளே டைல்ஸ் அல்லது கிரானைட். வெளியே சுண்ணாம்பு, மரம், உங்கள் இஷ்டம்.

இதில் ஒரே ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. கோட்டுக்கு உள்ளே மர டைல்ஸ் போடாதீர்கள். நிஜ மரத்துக்குப் பக்கத்தில் மர டைல்ஸ் வந்தால் இரண்டுமே தோற்றுப்போகும். உள்ளே வெறும் வெள்ளை, பளபளப்பில்லாத சின்ன டைல்ஸ், அல்லது சொரசொரப்பான கல். பண்ணை வீட்டுத் தோற்றம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பாலைக் கையாளும் அறை ஒன்று பழைய பெரிய பண்ணைகளில் தனியாக இருந்தது. தினமும் கழுவித் தள்ள வேண்டியிருந்ததால் அதற்குக் கல் மேடையும் கல் தரையும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டைல்ஸ் சுவரும் வந்தது. அவர்களே ஈரக்கோடு போட்டு வைத்திருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கே நிஜத்தை வைப்பது? கையும் கண்ணும் படும் இடத்தில். கதவு, கைப்பிடி, கண்ணாடிச் சட்டம், துண்டு மாட்டும் முளைப்பலகை, வாஷ்பேசின் பலகை. முளைப்பலகை என்றதும் அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவரைச் சுற்றி ஒரு பட்டைப் பலகை, அதில் வரிசையாக மர முளைகள். நாற்காலியைக்கூட அதில் தூக்கி மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள். குளியலறையில் அலமாரிக்குப் பதில் இதை வைத்தால் துண்டு காயும், தரை காலியாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு பொருள் சந்திக்கும் இடம். டைல்ஸ் அசையாது, மரம் பருவத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். இரண்டையும் முட்டவிட்டுச் சிமென்ட் வைத்து அடைத்தால் ஒரே வருடத்தில் கோடு வெடிக்கும். இடைவெளி விட்டு, இழுபடும் சிலிகோன் வைத்து அடைக்க வேண்டும், அல்லது நடுவே மெல்லிய கல் பட்டை கொடுக்க வேண்டும். டைல்ஸ்காரர், சுண்ணாம்புக் கொத்தனார், தச்சர் என்று மூன்று பேர், ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். ஒருவர் தாமதித்தால் மூன்று பேரும் தாமதம்.

எப்போது இது வேண்டாம்: குளியலறை மிகச் சின்னதாக இருந்தால். சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கும்போது வெளியே ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வழி 2-க்குப் போய்விடுங்கள். ஒரே அறையில் கோடு போட இடமில்லாமல் மூன்று பொருளைத் திணித்தால் எளிமையும் போகும், அழகும் போகும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எல்லாமே நிஜம் | எல்லாமே தோற்றம் | ஈரக்கோடு |
|---|---|---|---|
| காய்தல் | காற்றோட்டம் இருந்தால் மட்டும் | கவலை இல்லை | உள்ளே கவலை இல்லை, வெளியே கொஞ்சம் |
| பராமரிப்பு | அதிகம், தொடர்ந்து | க்ரௌட் மட்டும் | நடுத்தரம் |
| கால் பிடிப்பு | கல்லின் பரப்பைப் பொறுத்தது | தரம் பார்த்து வாங்கலாம் | தரம் பார்த்து வாங்கலாம் |
| பழுது | அந்த இடத்தை மட்டும் | டைல்ஸ்: துண்டு மாற்றலாம், மைக்ரோசிமென்ட்: முழுச் சுவர் | இணைப்புக் கோடுதான் பலவீனம் |
| பத்து வருடம் கழித்து | இன்னும் அழகு, அல்லது அழுகல் | முதல் நாள் போலவே, க்ரௌட் தவிர | நிஜப் பகுதி மெருகேறும் |
| வேலை நாள் | நீளம் | குறைவு | நடுத்தரம், ஆள் ஒருங்கிணைப்பு அதிகம் |

## தொட்டி வேண்டுமா?

கால் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி இல்லாமல் இந்தப் பாணி நிறைவாகாது என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கும் ஒரு பண்ணைக் கதை உண்டு. 1883-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஜான் மைக்கேல் கோலர், கால்நடைக்குத் தண்ணீர் வைக்கும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நாலு கால் வைத்தால் இதில் குளிக்கவும் செய்யலாம் என்று விற்றார். கோலர் நிறுவனம் குளியல் சாமான் தொழிலுக்குள் வந்தது அப்படித்தான்.

கணக்கு மட்டும் பாருங்கள். காலி வார்ப்பிரும்புத் தொட்டி 120 முதல் 180 கிலோ இருக்கும். தண்ணீர் 150, 200 லிட்டர். உள்ளே ஒரு ஆள். சுமார் 400 கிலோ நாலு சின்னக் காலில் நிற்கிறது. மாடி என்றால், அதுவும் மரத் தளம் என்றால், பொறியாளரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அக்ரிலிக் தொட்டி 30 முதல் 50 கிலோதான். வார்ப்பிரும்பு முதலில் வெந்நீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு பிறகு அதைப் பிடித்து வைத்திருக்கும். அக்ரிலிக் ஆரம்பத்திலிருந்தே சில்லிடாது. நீங்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர் என்றால் அக்ரிலிக் போதும்.

எந்தத் தொட்டியானாலும் சுவருக்கும் அதற்கும் நடுவே கை நுழைய இடம் வேண்டும், குறைந்தது 15 சென்டிமீட்டர். இல்லாவிட்டால் பின்னால் விழுந்த சோப்பு அங்கேயே முக்தி அடையும். தினமும் நின்றுகொண்டே குளிக்கும் வீட்டில் தொட்டியே வேண்டாம் என்பேன். அந்த இடத்தில் ஒரு மர முக்காலியும் வெறும் தரையும் இருந்தால் அறை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

## எந்த வழியானாலும் தப்பிக்க முடியாதவை

நீர்த்தடுப்பு. டைல்ஸும் கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரைத் தடுப்பதாக நினைத்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு. மேலே எதுவும் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையையும் சுவரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருநாள் வேலை நிற்கிறதே என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வெளியே தெரியும் குழாய். எளிமை என்றால் குழாயைச் சுவருக்குள் புதைப்பது என்று நினைக்கிறோம். பழைய வீட்டில் குழாய் வெளியேதான் ஓடும். எனக்கு அதுவே பிடிக்கும், கசிந்தால் கசிந்த அன்றே தெரியும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கண்ணில் படுவதால் பிளம்பர் நிதானமாகச் செய்ய வேண்டும், அதனால் மலிவு என்று எண்ண வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பையும் செம்பையும் நேராக இணைக்க விடாதீர்கள், இரும்பு சீக்கிரம் அரிக்கும். மெருகுப் பூச்சு இல்லாத பித்தளைக் குழாய் வாங்கினால் அது கறுக்கும், பச்சை பூக்கும். அது குறை இல்லை, அதற்காகத்தான் வாங்குகிறோம். பளபளவென்று இருக்க வேண்டும் என்றால் வேறு வாங்குங்கள்.

அப்புறம் பாட்டில்கள். படத்தில் இல்லாத பாட்டில்களுக்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். ஷவர் சுவரில் ஒரு குழிமாடம் கட்டும்போதே விட்டால் செலவு கொஞ்சம்தான். அதன் அடிப்பரப்பு லேசாக வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். குழிமாடம் விடாவிட்டால் ஆறாவது மாதம் பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று வந்து மூலையில் உட்காரும், சுண்ணாம்புச் சுவரும் பித்தளைக் குழாயும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால்

ஒரு மாதம் இருக்கிறதா? போட நினைக்கும் மரத்தில் ஒரு அடி நீளத் துண்டு வெட்டி வாங்குங்கள். ஆறு பக்கமும் எண்ணெய் பூசி நன்றாகக் காயவிட்டு, பித்தளைத் திருகாணி ஒன்றை ஏற்றி, இப்போதைய குளியலறையில் எங்கே பலகை வரப்போகிறதோ அங்கே வைத்துவிடுங்கள். பக்கத்தில் சுண்ணாம்பு பூசிய ஓட்டுத் துண்டு ஒன்று. தனியாகக் கவனிக்க வேண்டாம், வீட்டில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம். வழக்கம்போல் எல்லோரும் குளிக்கட்டும், வழக்கம்போல் துடைக்காமல் போகட்டும். முப்பதாவது நாள் மரத்துண்டைத் தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.